எஜமானுக்குப் பதினைந்து நாள்

சிபிரிக்கு வாய் நீளம். துபாஷி உத்தியோகத்துக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும் என்று அவனே சொல்லிக்கொள்வான். வெள்ளைக்காரத் துரை பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னால் அதை ஊர்ப் பேச்சான மோரே மொழியில் மூச்சு வாங்கும் அளவுக்கு நீட்டுவான். குடியானவர்கள் வெயில் தாழும் வரை மோரேயில் புலம்பியதைப் பிரெஞ்சில் ஒரே வரியில் முடித்துவிடுவான். இடையில் காணாமல் போனதெல்லாம் எங்கே போனது என்று இரண்டு தரப்புமே கேட்டதில்லை. கேட்பதற்கும் அவன் வாய்தானே வேண்டும்!

அந்த வாய்க்குச் சரியான தீனி சந்தை நாளில்தான் கிடைக்கும். அன்றைக்குக் கோழி விற்க ஜெர்போ வருவான். சிபிரி மோசிக்காரன், ஜெர்போ சாமோக்காரன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். மோசி குலமும் சாமோ குலமும் பூட்டன் காலத்திலிருந்தே கேலி முறைக்காரர்கள். ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், திருடன் என்பார்கள், சாமோக்காரனை நாய்க்கறி தின்னி என்றும் மோசிக்காரனைக் கழுதை மேய்ப்பவன் என்றும் திட்டுவார்கள், அடுத்தவன் தலையிலிருக்கும் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். யாருக்கும் கோபம் வரக் கூடாது. வந்தால் அவனை மனுஷனாகவே யாரும் மதிப்பதில்லை. இழவு வீட்டிலும் விலக்குக் கிடையாது. மோசிக்காரன் செத்தால் சாமோக்காரன் ஓடி வந்து, வெட்டிய குழியில் தானே படுத்துக்கொண்டு, எனக்குத் தோலோ என்கிற சோளக் கள்ளை ஊற்றாமல் இவனைப் புதைக்க விடமாட்டேன் என்பான். சோளத் தோலோ ஒரு சுரைக்குடுக்கை உள்ளே போன பிறகுதான் எழுந்திருப்பான். அழுதுகொண்டிருக்கும் விதவைகூடச் சிரித்துவிடுவாள். அதற்காகத்தான் அவன் வருவதே.

இதில் ஒரே ஒரு விதி உண்டு. இதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால், இனி உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அர்த்தம்.

பட்டாள முகாமுக்குப் புதிதாக வந்திருந்த பெர்தியே துரைக்கு இது எதுவும் தெரியாது. அவருக்கு வேறு கவலை. பிரான்ஸின் கொடி பறக்கும் மண்ணில் அடிமைகளே இருக்கக் கூடாது, இருந்தால் கண்டுபிடித்து விடுவிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பக்கத்து முகாம்களின் துரைமார்கள் மந்தை மந்தையாக விடுவித்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெர்தியே துரையின் கையில் பேருக்குக்கூட ஒரு அடிமை சிக்கவில்லை.

ஊர்த்தலைவரைக் கூப்பிட்டு விசாரித்தார். தலைவர் நெஞ்சில் கை வைத்து, “எங்க ஊர்லயா? அடிமையா?” என்று பதறிப் போனார். அவர் பதறிக்கொண்டிருந்த நேரத்தில் துரைக்கு விசிறி வீசியவன், வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், தலைவரின் காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டவன், மூன்று பேருமே சண்டையில் பிடித்து வரப்பட்ட அடிமைகள்தான். துரை விசிறிக் காற்றை ஆற அமர வாங்கிக்கொண்டு, “துபாஷி, இவர் மிகவும் நேர்மையான மனிதர்” என்றார். சிபிரி மொழிபெயர்த்தான். விசிறிக்காரன் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.

துரை மோரே கற்றுக்கொள்ளவும் ஆரம்பித்திருந்தார். தண்ணீர், குதிரை, வரி, வா, போ என்ற வரிசையில் அடிமைக்கு என்ன சொல் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டார். சந்தைக்குள் அந்த ஒரு சொல்லுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார். அப்படி நடந்த ஒரு சந்தை நாளில், கோழிக்கூண்டுகளுக்கு நடுவிலிருந்து ஜெர்போவின் குரல் கேட்டது.

“டேய் அடிமைப் பயலே! பூட்ஸ் யார்டா வாங்கிக் குடுத்தா? எஜமான் நான் வெறுங்கால்ல நடக்குறேன், உனக்குப் பூட்ஸ் கேக்குதா?”

சந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது. தோலோ விற்கும் பெண்கள் அகப்பையைக் கீழே வைத்தார்கள்.

“யாருடா எஜமான்?” என்றான் சிபிரி. “எங்க தாத்தா உங்க தாத்தாவ ஒரு நாய்த்தலை குடுத்து வாங்கினாரு. ராத்திரியோட ராத்திரியா அந்தத் தலையையும் உங்க தாத்தாவே தின்னுட்டாரு!”

“நாய்த்தலையோட ருசி தெரியாத ஜென்மம் பேசுது பாருங்கய்யா! கழுதைக்குப் பின்னாடியே நடந்து நடந்து இவங்களுக்குக் காது நீண்டு போச்சு.”

சிபிரி அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. துரை. முகமெல்லாம் சிவந்து, மூக்கு நுனியில் வியர்வை.

“துபாஷி! அந்த மனிதன் உன்னை அடிமை என்றுதானே அழைத்தான்?”

இந்த இடத்தில் சிபிரி வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சந்தை மொத்தமும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெர்போ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இப்போ என்னடா செய்வ என்கிற மாதிரி நின்றான். அங்கே பின்வாங்கினால் சிபிரியின் பேரன் காலம் வரைக்கும் அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

“அவன் பொய் சொல்றான் துரை. அவன்தான் என் அடிமை. எங்க தாத்தா வாங்கினது. சோம்பேறி, திருட்டுப் பய, நம்பவே கூடாது.” இதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, சனங்களுக்காக மோரேயிலும் ஒரு முறை உரக்கச் சொன்னான். கைதட்டல் பறந்தது.

துரை சிபிரியின் கால்களைப் பார்த்தார், ஜெர்போவின் கால்களைப் பார்த்தார். அவருக்குத் தெளிவாகிவிட்டது. “பூட்ஸ் அணிந்தவன் எஜமான். வெறுங்காலன் அடிமை. எங்கும் இதுவே வழக்கம். இவனை விட்டுக்கொடுக்க உனக்குச் சம்மதமா? பிரான்ஸ் இவனை விடுவிக்கும்.”

“தாராளமா எடுத்துக்குங்க துரை. கட்டக் கயிறும் நானே தர்றேன்.”

சிவப்புக் குல்லாச் சிப்பாய்கள் இரண்டு பேர் வந்து ஜெர்போவின் கையைப் பிடித்தார்கள். “பாத்தீங்களாய்யா, எஜமானையே வித்துட்டான் என் அடிமை!” என்று கத்திக்கொண்டே ஜெர்போ போனான். சிரித்துச் சிரித்து ஒருவருக்கு விக்கலே வந்துவிட்டது. சிபிரி முறைப்படி ஜெர்போவின் கூண்டிலிருந்து ஒரு சேவலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். சாயங்காலத்துக்குள் ஜெர்போவை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தான்.

விடவில்லை. முகாமுக்குப் பின்னால் முள்வேலி போட்ட குடிசை வரிசை ஒன்று உண்டு. துரை அதை விடுதலைக் கிராமம் என்பார், எங்கள் சனங்கள் துரையின் தொழுவம் என்பார்கள். முந்தைய துரை விடுவித்த சிலர் அங்கே இருந்தார்கள். பழைய எஜமான்கள் வந்து அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வேலி. அவர்களும் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வேலிக்கு ஒரு சிப்பாய். தண்ணீர் சுமப்பது, பாதை போடுவது, விறகு பிளப்பது எல்லாம் விடுதலை பெற்றவர்களின் வேலை. கூலி, ஒரு வேளைக் களி.

மறுநாள் காலையில் துரை உற்சாகமாக இருந்தார். “தந்திக் கம்பி போடும் வேலைக்கு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள், துபாஷி. விடுதலை பெற்ற அனைவரையும் வரும் சந்தைக்கு மறுநாள் அனுப்புகிறேன். உன்னுடைய ஆளையும் சேர்த்துத்தான். சுதந்திர மனிதனுக்கு உழைப்பே கௌரவம்.”

சிபிரிக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. முன்னொரு தடவை ஆற்றுப் பக்கம் கம்பம் சுமக்க ஆட்கள் போனார்கள். கொஞ்ச நாள்தான், பயப்படாதீங்க என்று அவர்களுக்கு மோரேயில் எடுத்துச் சொன்னவனே இவன்தான். திரும்பி வந்தது ஒரே ஒருவன். அவனும் இப்போது யாருடனும் பேசுவதில்லை. அந்தக் கூட்டத்தோடு ஜெர்போவா? அதுவும் இவன் கைதட்டல் வாங்குவதற்காகச் சொன்ன ஒரு பேச்சுக்காகவா? அன்று மத்தியானமே முதல் மழையும் பெய்தது.

மழை விட்டதும் ஜெர்போவின் பெண்டாட்டி தெனே தோளில் களைக்கொத்தோடு வந்து நின்றாள்.

“என் புருஷன் எங்கடா, அடிமைப் பயலே?”

“வித்துட்டேன். உன்னையும் விக்கலாம்னு பாத்தேன், வாங்க ஆளில்ல.” பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

அவள் பாதிதான் சிரித்தாள். “மழை பேஞ்சிருச்சு. ஈரம் போறதுக்குள்ள விதைக்கணும். ஒத்தக் கையால நான் எவ்வளவு கொத்துவேன்? பிள்ளைங்க வாய்க்கு வருஷம் பூரா அதுதான்.” சொல்லிக்கொண்டே வந்தவள், கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டதே என்று சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “உன்ன மாதிரி அடிமைய நம்பி வயலக் குடுக்க முடியுமா? கழுதையக் கூட்டிட்டு வந்து நிப்ப” என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிபிரி நேரே துரையிடம் போனான். எந்த மோசிக்காரனும் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னான். பிரெஞ்சில் சொன்னால் கணக்கில்லை என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான்.

“துரை, அது கேலி. விளையாட்டுக்குச் சொன்னது.”

“அடிமைத்தனத்தில் கேலியா?”

“எல்லா மோசிக்காரங்களும் எல்லா சாமோக்காரங்களும் இப்படித்தான் துரை பேசிக்குவாங்க. யார வேணா கேளுங்க.”

துரை கேட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. முதலில் வந்தவர் ஒரு மோசிக் கொல்லர். முற்றத்தில் நாலு சாமோக்காரர்கள் நிற்பதைப் பார்த்ததுமே அவர் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. “ஜெர்போ அடிமையேதான் துரை. அவன் மட்டுமா? அவன் ஊரே எங்க அடிமை. பாவம் பொழச்சுப் போகட்டும்னு விட்டு வச்சிருக்கோம்.” அடுத்து வந்த சாமோக்காரர் அவரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். “இந்தத் துபாஷியா? எங்க அத்தை வீட்டு அடிமையாச்சே! எச்சக் கலயம் கழுவிட்டு இருந்தான், ஒருநாள் ஓடிப் போயிட்டான். இங்கயா இருக்கான்?” அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவர் வந்தார். ஒவ்வொருவரும் முந்தினவரை மிஞ்சினார்கள். தன்னைப் பற்றி வந்த எல்லாவற்றையும் சிபிரி தன் வாயாலேயே பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான் அவன் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான்.

துரை கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். “அப்படியானால் இந்தப் பகுதியில் பாதிப் பேர் மீதிப் பாதியின் அடிமைகள். அந்த மீதிப் பாதியோ இந்தப் பாதியின் அடிமைகள். அடக் கடவுளே!” அதிர்ச்சி பாதி, ஆனந்தம் பாதி. பக்கத்து முகாம் துரைமார் யாருக்கும் இப்படி ஒரு அறுவடை கிடைத்ததில்லை.

“கேலி துரை, எல்லாமே கேலி!”

“ஒருவராவது சிரித்தார்களா? இல்லை. எனவே இது கேலியல்ல.”

நல்ல கேலிக்காரன் தன் கேலிக்குத் தானே சிரிக்க மாட்டான் என்பதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது? துரை எழுந்து அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். “கவலைப்படாதே. நீயாக முன்வந்து அடிமையை விட்டுக்கொடுத்ததால் உனக்குத் தண்டனை இல்லை. இல்லாவிட்டால் எஜமானுக்குப் பதினைந்து நாள் சிறை.”

சிபிரி கிளம்பப் போனவன் நின்றான். “எஜமானுக்குப் பதினஞ்சு நாள். அடிமைக்கு, துரை?”

“அடிமைக்கு விடுதலை.”

“அப்புறம்?”

“தந்திக் கம்பி.”

“எத்தன நாளைக்கு?”

“கம்பி முடியும் வரை.”

“கம்பி எங்க துரை முடியுது?”

துரை சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அவர் விரல் முகாமில் தொடங்கி, மஞ்சள் பூசிய பாலைவனப் பக்கமாக ஊர்ந்து ஊர்ந்து போய், வரைபடத்தின் விளிம்பைத் தாண்டிச் சுவருக்கே போய்விட்டது.

சிபிரி அங்கிருந்து வேலிக்குப் போனான். ஜெர்போ முள்ளுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தான்.

“வாடா அடிமை. களி தொண்டையில இறங்கல. எஜமானுக்கு வெண்டைக்காய்க் குழம்பு கொண்டா.”

“உன்னத் தந்திக் கம்பி வேலைக்குக் கொண்டு போகப் போறாங்க.”

“போனா என்ன? கம்பி மேலயே நடந்து வீட்டுக்கு வந்துருவேன்.”

ஆனால் அவன் கை வேலியின் அடியில் நுழைந்து வெளிப்பக்கத்து மண்ணை அள்ளியது. அள்ளி, கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தது. “எவ்வளவு ஆழம் நனைஞ்சிருக்கு?” என்று கேட்டான், அவனைப் பார்க்காமலேயே.

சிபிரி குனிந்து தரையில் விரலை விட்டுப் பார்த்தான். “ரெண்டு விரக்கடை.”

“விதைக்கப் போதும்” என்றான் ஜெர்போ. பிறகு மண்ணை உதறிவிட்டு, “போடா, உன் மூஞ்சியப் பாத்தா மழை நின்னுரும்” என்றான். சிபிரிக்கு இத்தனை காலம் சோறு போட்ட நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது.

சந்தை நாளில் துரை விடுதலை விழா வைத்தார். எல்லோரையும் ஒரேயடியாக விடுவிக்க வேலிக்குள் இடம் போதாது என்பதால் தொடக்கம் ஜெர்போ. கொடி ஏற்றினார்கள், ஊதுகொம்பு ஊதினார்கள். மோசிக்காரர்கள் ஒரு பக்கம், சாமோக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் ஊர்த்தலைவர், அவருக்கு விசிறிக்காரன். ஜெர்போவைக் கொண்டு வந்து கொடிக்குக் கீழே நிறுத்தினார்கள். துரை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும் முன்னால் சிபிரி ஓரடி முன்னால் வந்தான்.

“துரை, நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். எஜமான் ஜெர்போதான். நான்தான் அடிமை. தப்பிச்சு ஓடி வந்தவன். சாமோக்காரங்க அத்தன பேரும் அன்னிக்கே சொன்னாங்களே!”

“உன் பூட்ஸ்?”

“அது நீங்க குடுத்தது துரை. நான் வரும்போது வெறுங்கால்.” குனிந்து பூட்ஸைக் கழற்றித் துரையின் முன்னால் வைத்தான்.

துரைக்கு அது சரியாகப் பட்டது. எத்தனை சாட்சிகள் சொன்னார்கள்! ஏமாந்துவிட்டோமே என்ற கடுப்பில், “உன் எஜமானுக்குக் கேட்கும்படி உங்கள் மொழியில் சொல்” என்று உத்தரவிட்டார்.

சிபிரி கூட்டத்தின் பக்கம் திரும்பினான். முகத்தில் கேலியின் சாயலே இல்லாமல் சொன்னான். “நான் ஜெர்போவோட அடிமை. எங்க அப்பாவும் இவங்க வீட்டு அடிமை.”

ஒருவரும் சிரிக்கவில்லை. விசிறி நின்றுவிட்டது. சாமோக்காரர்கள் இந்நேரம் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பூட்டன் காலத்திலிருந்து எந்த மோசிக்காரன் வாயிலிருந்தும் அவர்களால் பிடுங்க முடியாத வார்த்தை அது. அவர்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோசிகளின் பக்கத்தில் ஒரு கிழவர் மட்டும், “மானத்த வாங்கிட்டானே பாவி” என்று முணுமுணுத்தார்.

“சிபிரி” என்றான் ஜெர்போ. அவன் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “என்ன பேசுற நீ? என் மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. ஆமான்னு சொல்லு. எஜமானுக்குப் பதினஞ்சு நாள் ஜெயிலு, அவ்வளவுதான். அடிமைக்குத்தான் கம்பி வேலை. சொல்லிட்டு வீட்டுக்குப் போய் விதைக்கிற வழியப் பாரு.”

“அப்ப நீ?”

“என்னப் பத்தி உனக்கு எதுக்கு? ஆமான்னு சொல்லு.”

“என்ன பேசிக்கொள்கிறீர்கள்?” என்றார் துரை.

“எஜமான் அதிர்ச்சியில இருக்காரு துரை.”

ஜெர்போ துரையின் பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றான். இரண்டு பக்கத்துச் சனங்களுக்கும் கேட்கிற மாதிரி உரத்த குரலில் பேசினான். “துரை, இவன் சொல்றது பொய். நான்தான் அடிமை. எங்கப்பன் இவங்கப்பனுக்கு அடிமை. சாமோக்காரங்க எல்லாருமே மோசிக்காரங்களுக்கு அடிமைதான். என்னையே கூட்டிட்டுப் போங்க.”

சாமோப் பெரியவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்கள்.  சிபிரி ஜெர்போவையே பார்த்தான். இந்தப் பயல் எவ்வளவு பெரியதைத் தூக்கி எவ்வளவு சாதாரணமாகக் கொடுத்துவிட்டான்!

“என்ன சொல்கிறான், துபாஷி?”

சிபிரி மூச்சை இழுத்துக்கொண்டான். “ஒத்துக்கிறாரு துரை. நான் அவரோட அடிமைதானாம். எங்கப்பாவும் அடிமையாம். மோசிக்காரங்க எல்லாருமே சாமோக்காரங்களுக்கு அடிமைதானாம்.”

துரை பெருமையாகத் தலையாட்டினார். “நானே கேட்டேன். அடிமை, அடிமை என்று எத்தனை முறை சொன்னான்! எனக்கும் மோரே வந்துவிட்டது, துபாஷி.” உடனே அங்கேயே தீர்ப்பும் சொன்னார். எஜமான் ஜெர்போவுக்குப் பதினைந்து நாள். அடிமை சிபிரிக்கு விடுதலை.

மறுநாள் காலையில் சிபிரி துணி மூட்டையோடு தொழுவத்து ஆட்களின் வரிசையில் நின்றான். துரை குதிரையில் வந்து, சுதந்திரத்தைப் பற்றி அழகாகப் பேசினார். பேசி முடித்ததும் வழக்கம்போல் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே துபாஷி இல்லை. வரிசையில் நின்றபடியே சிபிரி மொழிபெயர்த்தான். துரை கணக்குப் போட்டார். கம்பி இழுக்க ஆள் எங்கும் கிடைக்கும், இந்த வாய்க்கு எங்கே போவது?

“நீ வெளியே வா. உன் விடுதலையை நீ இங்கேயே அனுபவிக்கலாம்” என்றார். சம்பளத்தை மட்டும் நிறுத்திவிட்டார். சுதந்திர மனிதனைச் சம்பளத்தால் கட்டிப்போடுவது அவருக்கு நியாயமாகப் படவில்லை. பூட்ஸையும் திருப்பித் தரவில்லை. மற்றவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். அவர்கள் எந்தெந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்று துரை கேட்கவில்லை. அவர்களுக்காகப் பொய் சொல்ல யாரும் முன்வரவும் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஜெர்போ உள்ளே இருந்த நாட்களில் தெனேயின் வயலுக்கு மோசிக்காரர்கள் சிலர் போனார்கள். அவள் கொத்தும் லட்சணத்தை வாய் ஓயும் மட்டும் திட்டிவிட்டு, பாதி வயலைக் கொத்திக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மீதிப் பாதிக்கு இரண்டாவது மழையும், கூடவே ஜெர்போவும் வந்து சேர்ந்தார்கள்.

அதற்கடுத்த சந்தை நாளில் சிபிரி மரத்தடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெர்போ வந்து கொக்கரிப்பான், மோசி குலமே தலை குனியும் என்பது ஒரு பயம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கொடியின் கீழே இரண்டு பேரும் கேலியில்லாமல் பேசியாகிவிட்டது. விதி உடைந்துவிட்டது. இனி ஜெர்போ அவனிடம் மரியாதையாகப் பேசினால்? அதுதான் பெரிய பயம்.

ஜெர்போ வந்தான். கோழிக்கூண்டை இறக்கி வைத்தான். சந்தையில் பேச்சு அடங்கியது. நேராக வந்து சிபிரியின் முன்னால் நின்றான்.

“சௌக்கியமா இருக்கீங்களா?” என்றான்.

சிபிரி வெறுங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான். “சௌக்கியம்.”

“வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?”

“சௌக்கியம்.”

ஜெர்போ தலையாட்டிவிட்டுச் சந்தையின் பக்கம் திரும்பினான். “எல்லாரும் கேட்டுக்குங்க. சட்டப்படி, கொடி சாட்சியா, இவன் என் அடிமை. துரையே தீர்ப்புக் குடுத்துட்டாரு.” சாமோக்காரர்கள் மெல்ல ஆரவாரிக்கத் தொடங்கினார்கள். அவன் கையமர்த்தினான். “ஆனா பதினஞ்சு நாள் உள்ள உக்காந்து நல்லா யோசிச்சுப் பாத்தேன். இவன் கொத்த மாட்டான். சுமக்க மாட்டான். ரெண்டு ஆள் சோறு திம்பான். இவன என் அடிமைன்னு சொன்னா சாமோ குலத்துக்குத்தான் கேவலம். அதான் அந்த வெள்ளக்காரன் தலையில கட்டிட்டேன். சம்பளம் மிச்சம்னு நெனச்சு அவனும் ஏமாந்துட்டான்!”

சந்தை வெடித்தது. மோசிக்காரர்களும் சாமோக்காரர்களும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மானம் போச்சு என்ற கிழவர் தோலோவைப் பக்கத்துச் சாமோக்காரர் மடியில் கொட்டிவிட்டு, அதற்கும் அவரையே திட்டினார்.

சிபிரியின் முறை வந்துவிட்டது. அவன் வாயைத் திறந்தான். ஊரிலேயே நீளமான அந்த வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஜெர்போ குனிந்து அவன் காதோரம் கிசுகிசுத்தான்.

“ஏதாவது திட்டித் தொலைடா. எல்லாரும் பாக்குறாங்க.”

சிபிரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, ஜெர்போவின் அப்பாவிலிருந்து ஆரம்பித்தான்.